அறிவழகன் மறுபடி வேலைக்குப் போகிறார்

ஜூன் 10, திங்கள்

உயிரோடு இருக்கிற எவரும் தன் படத்துக்கு மாலை போடச் சம்மதிக்க மாட்டார் என்பது எங்களில் ஒருவருக்கும் முன்கூட்டித் தோன்றவில்லை.

'மீண்டும் மீனலோசனி'க்கு இன்று பூஜை போட்டு, வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பைத் தொடங்கினோம். ஞாயிறு இரவில் வரப்போகிற அரை மணி நேர நகைச்சுவைத் தொடர். கணவனை இழந்த ஓர் அம்மா, ஐம்பதை நெருங்கும் வயதில், மறுபடி துணை தேடிக் கிளம்புகிறாள். வாரம் ஓர் ஆளைப் பார்க்கிறாள். வீடு திரும்பியதும் இறந்துபோன புருஷனின் படத்துக்கு முன்னால் நின்று நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிறாள். வசனம் நான். நானும் கணவனை இழந்தவள் என்பதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது என்று யூனிட்டில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. என் பெண் மதி பால் குடிக்கிற காலத்திலிருந்து நான் வசனம் எழுதுகிறேன்.

புருஷன் படத்துக்கு ஒரு துணை நடிகரைப் பிடித்து வைத்திருந்தோம். போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலையும் போட்டாகிவிட்டது. அந்த மனிதர் டீயைக் குடித்துக்கொண்டே உள்ளே வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "என் சம்சாரம் இத டிவியில பாத்தா என்னை உசுரோடவே வீட்டுக்குள்ள விடமாட்டா சார்" என்று சட்டத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். உதவி இயக்குநர்களைக் கேட்டோம். ஒவ்வொருவனுக்கும் திடீரென்று ஊரில் ஓர் அம்மா இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. இணையத்திலிருந்து எதையாவது எடுக்கலாமென்றால் சேனல்காரர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். டைரக்டர் ஸ்டீபனின் அப்பா படத்தை வைக்கலாமே என்று யாரோ யோசனை சொல்ல, "எங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காருய்யா!" என்று அவன் கத்தினான்.

கடைசியில் என்னிடம் வந்தான். "கோதையக்கா, படம் இல்லாமலே எழுதிக் குடுத்துடுங்களேன்."

படம் இல்லாவிட்டால் தொடரே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டுல ஒண்ணு சும்மாதானே தொங்குது, கொண்டாறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

ஜூன் 12, புதன்

நேற்றுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு எபிசோடுக்குத்தான், அதற்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் அறிவழகனுக்கு ஒழுங்கான படமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகளைப் படம் எடுப்பாரே தவிர, தான் நிற்க மாட்டார். அவர் போன பிறகு விளையாட்டு விழாப் படம் ஒன்றிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினோம். கழுத்தில் விசில். யாரையோ ஏதோ சொல்ல வாயைப் பாதி திறந்திருக்கிறார். மீனலோசனியாக நடிக்கும் ராஜநந்தினி படத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "மேடம், இவர் பதில் சொல்ல வர்ற மாதிரியே இருக்கு, எனக்கு நடிக்கறது ரொம்ப ஈசி" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

கூடத்துச் சுவரில் அவர் இருந்த இடம் மட்டும் சதுரமாகப் புதுச் சுண்ணாம்பு போல இருக்கிறது. ராத்திரி அடித்துப் போட்டது போல் தூங்கினேன். மழை பெய்தது, அதனால்தான்.

ஜூன் 13, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. புக் செய்தேன்.

ஒருமுறை காட்சியில் வந்துவிட்டால் கடைசிவரை அதே படம்தான் இருந்தாக வேண்டும் என்று ஸ்டீபன் சொல்கிறான். மீனலோசனிக்கு வாரத்துக்கு ஒரு புருஷன் சாக முடியாதாம். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

ஜூன் 15, சனி

மதி வந்தாள். நிறைமதி என்று அவள் அப்பா வைத்த பெயர். புதுச்சேரியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கிறாள். அவர் போனதிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் மலைக்கும் கடலுக்கும் ஊர்ஊராகப் போகிறார்கள். இவள் என்னிடம் வந்துவிடுகிறாள். என் கைச் சமையல் அப்படி என்று அடுத்த வீட்டம்மாவிடம் சொல்வேன்.

செருப்பைக் கழற்றியதும் அவள் செய்கிற முதல் வேலை படத்தைப் பார்த்து, "என்ன சார், லேட்டா வந்துட்டேனா?" என்று கேட்பது. இன்றும் வாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா எங்கம்மா?"

"ஃப்ரேம் மாத்தக் குடுத்திருக்கேன்."

"ஏன், நல்லாத்தானே இருந்துச்சு?"

"பூச்சி அரிச்சிருந்துது."

வசனம் எழுதுகிறவளுக்குப் பொய் இவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது. அவள் அப்பா படத்தை ஒரு சிரிப்புத் தொடரில் மாட்டியிருக்கிறேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவள் முகம் சுருங்கினால் என்னால் தாங்க முடியாது. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

ஜூன் 16, ஞாயிறு

மதியைச் சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சொல்லவில்லை.

ஜூன் 20, வியாழன்

இன்று இரண்டாவது எபிசோடு. காட்சிப்படி மீனலோசனி ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியை ஓட்டலில் சந்தித்துவிட்டு வந்து புருஷனிடம் சொல்கிறாள்: "ஏங்க, ஆளு நல்லவருதான். ஆனா மெதுவடைய முள்கரண்டியால குத்திக் குத்திச் சாப்பிடறாரு. வடைக்கே இந்தக் கதின்னா எனக்கு?" மொத்த யூனிட்டும் சிரித்து டேக் வீணாகிவிட்டது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சவுண்டு இன்ஜினியர் திருவேங்கடம். எல்லோருக்கும் வேங்கடம் சார். ஐம்பது தாண்டியவர். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். வீடே இடிந்தாலும் சத்தம் பதிவாகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார் போல. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் ரொம்ப வருஷம் ஆயிற்று என்று மேக்கப் பெண் சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

பிறகு அவரிடமே போய், "வடை டயலாக் நல்லா இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு மேடம். நான் சிரிச்சா ரெக்கார்டு ஆயிடும்" என்றார்.

ஜூன் 22, சனி

மதிக்குப் பிடிக்குமென்று வஞ்சிரம் வாங்கி வறுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "எந்தக் கடையில ஃப்ரேம் குடுத்த?" என்றாள். வழக்கமான கடைதான், வடபழனியில் என்றேன். இவ்வளவு நாளா என்றாள். அவனுக்கு வேலை அதிகம் என்றேன். நாளை சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

தண்ணி லாரி வந்து தெருவே சண்டை. அதில் பொழுது போய்விட்டது.

ஜூன் 27, வியாழன்

படப்பிடிப்பில் இன்று மதியச் சாப்பாடு குறைந்துவிட்டது. நான் எழுதிக்கொண்டே இருந்ததில் கடைசியாகப் போனேன். குழம்பு மட்டும்தான் மிச்சம். வேங்கடம் சார் வீட்டிலிருந்து தானே சமைத்து எடுத்து வருகிறவர். டிபன்பாக்ஸ் மூடியில் பாதி தயிர்சாதத்தை வைத்து என் பேப்பர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாதுளை முத்து போட்டிருந்தது. மூடியைக் கழுவிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 28, வெள்ளி

நேற்று மூடியைக் கழுவிக் கொடுத்தபோது அவர், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். வாரத்துக்கு முப்பது பக்கம் வசனம் எழுதுகிறவள் 'ம்' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது. எழுதாவிட்டாலும் தூக்கம் வராது.

ராஜநந்தினி வர நேரமாகிவிட்டது. அவள் நிற்கும் இடத்தில் நின்று கொஞ்சம் பேசிக் காட்டுங்கள், சத்தம் சரிபார்க்க வேண்டும் என்று வேங்கடம் சார் என் புடவைத் தலைப்பில் காலர் மைக்கை மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டு அறிவழகனுக்கு எதிரே நின்று ஒன்று இரண்டு மூன்று சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. ஜெனரேட்டர் போட ஆள் ஓடினான், மற்றவர்கள் காற்று வாங்க வெளியே போனார்கள். அறையில் நானும் சுவரில் இருந்த அறிவழகனும்தான்.

ரொம்ப நாளாக அவரோடு தனியாக இருக்க வாய்த்ததே இல்லை. பேசிவிட்டேன்.

"ஏங்க, மதிகிட்ட எப்படிங்க சொல்றது? பதினாலாம் தேதி டிவியில வந்துடுவீங்க. நீங்களே அவ கனவுல போய்ச் சொல்லக்கூடாதா? எனக்குத் தைரியம் வரல. இன்னொண்ணு. அந்த சவுண்டு ஆளு எனக்குத் தயிர்சாதம் குடுத்தாருங்க. புடிச்சிருந்துது. தயிர்சாதத்தச் சொல்லல."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைக்கத் தலைப்பை எடுத்தேன். கையில் மைக் தட்டுப்பட்டது.

மைக்கும் அவருடைய கருவியும் பேட்டரியில் ஓடுபவை. கரண்டு போனால் அவற்றுக்கு என்ன? சீரியலில் நானே இந்த மாதிரிக் காட்சி மூன்று தடவை எழுதியிருக்கிறேன். யாராவது இவ்வளவு முட்டாளாக இருப்பாளா என்று சேனலில் கேட்டதும் உண்டு.

வெளியே வந்து பார்த்தேன். வேங்கடம் சார் மரத்தடியில் நின்றிருந்தார். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மேடம், தயிர்சாதம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்துது. உங்க சொந்த விஷயம்னு உடனே கழட்டிட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நல்லவேளை, நல்லவேளை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் கொஞ்சம் கோபமும் இருந்தது. அப்படி என்ன அவசரம் கழற்றுவதற்கு?

ஜூலை 3, புதன்

மீனலோசனி நிறைய அழுகிறாள், குறையுங்கள் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். குறைத்தேன்.

வேங்கடம் சாரை நேருக்கு நேர் பார்க்காமல் நாள் முழுக்க ஓட்டிவிட்டேன். அவர் மாதுளை முத்து போட்ட மூடியை மறுபடி வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 7, ஞாயிறு

இந்த வாரம் மதிக்கு என்னவோ ஆகியிருக்கிறது. நேற்று வந்ததிலிருந்து ஒரே பாட்டு. எனக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு சுங்குடிப் புடவை வாங்கி வந்திருக்கிறாள். "இந்தக் கலரா? எனக்கா?" என்றால், "ஏன், கட்டக்கூடாதா?" என்கிறாள். வெறும் சுவரைப் பார்த்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் தப்பித்தோம் என்று இருந்துவிட்டேன்.

பஸ் ஏறுவதற்கு முன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

இதோ வாய்ப்பு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு தொடர் வந்துவிடும். அவள் முகம் அத்தனை சந்தோஷமாக இருந்தது. அதைக் கெடுக்க எப்படி மனசு வரும்?

"ஒண்ணும் இல்லடி" என்றேன்.

"சரி, சொல்லணும்னு தோணும்போது சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாள். இவளுக்கு ஏதோ காதல் கீதல் இருக்குமோ?

ஜூலை 14, ஞாயிறு

ஒளிபரப்பாகிவிட்டது. நேற்று அவள் வந்திருந்தாள், நேற்றும் சொல்லவில்லை. ஆபீஸ் வேலை என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது, "இன்னிக்கு உன் சீரியல் ஃபர்ஸ்ட் நாளாச்சே, ஹாஸ்டல்ல எல்லாரையும் உக்கார வெச்சுப் பாக்கப் போறேன்" என்றாள். 

முதல் எபிசோடு நன்றாக வந்திருக்கிறது. விளம்பர இடைவேளைக்கு முன் அறிவழகன் திரை முழுக்க வந்தார். விசிலோடு.

மதி போன் செய்யவில்லை.

ஜூலை 15, திங்கள்

மதி போனை எடுக்கவில்லை.

போன் வந்தது திண்டிவனத்து நாத்தனார் தமிழரசியிடமிருந்து, அறிவழகனின் அக்கா.  "ஏம்மா கோதை, எவளோ ஒருத்தி எங்க அறிவு முன்னாடி நின்னுகிட்டு ஆம்பளைங்களப் பத்திப் பேசறா, ஜனங்க சிரிக்குது! உனக்கு வேற படமே கெடைக்கலியா? உயிரோட இருந்தப்பதான் அவன ஓட ஓட வெரட்டின, செத்தும் விடமாட்டியா?" மூச்சு விடாமல் திட்டினார். ஒரு இடத்திலும் நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொல்வதில் பாதி நியாயம். விரட்டினேன் என்பது மட்டும் அநியாயம்.

ஜூலை 17, புதன்

மதி எடுக்கவில்லை. 'பிறகு பேசறேன்' என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருக்கிறாள். இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்துவிட்டேன், புளித்துவிட்டது. சட்டியோடு கொட்டினேன்.

வேங்கடம் சார் மூடியை வைத்தார். வேண்டாம் சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் எடுத்துக்கொண்டார். என் பெண்ணையே இழந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஜூலை 20, சனி

நேற்று வெள்ளிக்கிழமையே மதி வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நான் முந்திக்கொண்டேன். "மதி, தப்புதான்டி. ஆத்திரத்துல குடுத்துட்டேன். உன் அப்பாவ நாலு பேர் சிரிக்கறதுக்கு..."

"அது இல்லம்மா."

"பின்ன?"

"நான் ஃப்ரேம் கடைக்குப் போனேன். போன மாசமே. வாங்கிட்டு வந்து உன்னை அசத்தலாம்னு. அப்படி ஒரு படமே வரலன்னுட்டாங்க."

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தேன். "அப்ப தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீயே கழட்டி வெச்சுட்டேன்னு நெனச்சேன். யாரோ ஒருத்தர் இருக்காரு, எங்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டுட்டு பூச்சி அது இதுன்னு கதை விடறேன்னு நெனச்சேன்." அழ ஆரம்பித்துவிட்டாள். "எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா எனக்கு? பஸ்ஸுல தனியா சிரிச்சுட்டே போனேன். உனக்குப் புடவை வாங்கினேன். ஆபீஸ்ல டெல்லிக்குப் போறேன்னு சொல்லிட்டேன்."

"டெல்லியா?"

"பெரிய லேப்மா. போன வருஷமே கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டேன். அதுக்கு முன் வருஷமும். இந்தத் தடவை சரின்னுட்டு டிவியப் போட்டா, வீட்டுல இருந்த அப்பாவ நீ வேலை செய்யற எடத்துக்கும் கூட்டிட்டுப் போயிருக்க! காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அவர்தானா? உன்னை இப்படி விட்டுட்டு நான் எப்படிம்மா போவேன்?"

வஞ்சிரம் வறுவலுக்காக வருகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் ஐந்து வருஷமாக எனக்குக் காவல் இருந்திருக்கிறாள். மலைக்கும் போகாமல், கடலுக்கும் போகாமல், வாரா வாரம் பஸ் பிடித்து, நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று பார்க்க வந்திருக்கிறாள். அவள் மனசு நோகக்கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் மனசு நோகக்கூடாது என்று அவள் தன் பிழைப்பையே மூடி வைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் நடுவில் அந்த மனிதரை மாட்டி வைத்து, அவர் பேரைச் சொல்லி ஒருவரையொருவர் ஏமாற்றியிருக்கிறோம்.

"மதி, ஒருத்தர் இருக்காருடி" என்றேன்.

அழுகை நின்றது. "என்ன?"

"இருக்காரான்னு சரியா தெரியல. தயிர்சாதம் குடுத்தாரு."

என்னையே பார்த்தாள். "தயிர்சாதமா?"

"மாதுளை போட்டது."

எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். காலர் மைக் கதையையும் சொன்னேன். "அம்மா, நிறுத்து, முடியல" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதே இல்லை. மனசில் இருந்த பாறாங்கல்லை யாரோ நகர்த்திவிட்டாற்போல் இருந்தது.

படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். "அங்கயே இருக்கட்டும்மா. அப்பாவுக்குக் கூட்டம்னாதான் புடிக்கும். இங்க அடைஞ்சு கெடந்து என்ன பண்ணப் போறாரு?"

ஜூலை 21, ஞாயிறு

இரண்டாவது எபிசோடை நானும் மதியும் சேர்ந்து பார்த்தோம். வடை வசனத்துக்கு அவள் என் தொடையில் அடித்தாள்.

முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து போன். இன்னொரு அர்ச்சனைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"இன்னிக்கு ஏன் அவனக் கொஞ்ச நேரந்தான் காட்டினாங்க?" என்றார் அண்ணி.

"கதை அப்படி அண்ணி."

"அந்த மாலை பிளாஸ்டிக்னு அப்பட்டமா தெரியுது. பூ மாலையா போடச் சொல்லு." பிறகு, "வாயத் தொறந்துகிட்டு நிக்கறான் பாரு, என்னமோ சொல்லப் போறாப்பல. அடுத்த வாரம் சொல்லுவான்போலன்னு நான் பாத்துகிட்டே இருக்கேன்" என்று குரல் உடைந்து வைத்துவிட்டார்.

ஜூலை 24, புதன்

பூ மாலை வாங்கினேன். இனி தினம் நானே வாங்கித் தருகிறேன் என்று ஸ்டீபனிடம் சொல்லிவிட்டேன்.

படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வேங்கடம் சார் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் மாம்பழ மஞ்சள் சுங்குடி கட்டியிருந்தேன். மேக்கப் பெண் முதல் எல்லோரும் புடவையைப் பற்றிக் கேட்டாயிற்று, இவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"சார், உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு எதுவரைக்கும் கேட்டீங்க?"

சுற்றுவதை நிறுத்தினார். "முழுசா கேட்டேன் மேடம். கழட்டினேன்னு சொன்னது பொய். கழட்டணும்னுதான் நெனச்சேன். கை வரல." பிறகு, "தப்புதான். மன்னிச்சுக்குங்க. அதைப் பத்தி நானா ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு இருந்தேன்" என்றார். அந்த வயதிலும் காது சிவக்கிறது மனிதருக்கு.

எனக்கு ஒரு கோபமும் வரவில்லை. "எம் பொண்ணு நாலாம் தேதி டெல்லிக்குப் போறா. சென்ட்ரலுக்கு வரீங்களா? பெட்டி கனமா இருக்கும்."

"வரேன்" என்றார். ஒயரைத் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்தார். அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மதிக்குக் கம்பளி வாங்க தி.நகர் போனோம். சென்னை வெயிலில் கம்பளியைப் போர்த்திப் பார்த்து இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் தயார். வேங்கடம் சாரிடம் என்ன பேச வேண்டும் என்று எனக்குப் பதிலாக இவள் ஒத்திகை பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மதி கிளம்பிவிட்டாள்.

வேங்கடம் சார் எங்களுக்கு முன்பே சென்ட்ரல் வாசலில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. மதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். நான் செத்தேன் என்று நினைத்தேன். "வணக்கம் சார். அம்மா எழுத உக்காந்தா சாப்பிட மாட்டாங்க. திட்டினாலும் பரவால்ல, கூப்பிட்டுடுங்க" என்றாள். அவர், "சரிம்மா" என்று கைகட்டிக்கொண்டு சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

ரயிலில் ஏறியதும் மதிக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. எதிரே அவள் வயதிலேயே ஒரு பெண், அவளும் டெல்லிக்கு வேலைக்குப் போகிறாளாம். பேச்சு பிடித்துக்கொண்டது. நான் வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பத்திரமாக வை, கதவுப் பக்கம் நிற்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ம், ம் என்றாளே தவிர அவள் கவனம் இங்கே இல்லை. அந்தப் பெண் ஏதோ சொல்ல, இவள் கையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது வண்டி நகர்ந்தது. நானும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். எனக்குக் கை காட்ட மறந்துவிட்டாள்.

பிளாட்பாரத்தில் நின்று அழுதேன். துக்கம் இல்லை. ஐந்து வருஷத்தில் என் பெண் என்னை மறந்து சிரித்தது இன்றைக்குத்தான்.

வேங்கடம் சார் பக்கத்தில் வந்து நின்றார். கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு, "வீட்டுல விட்டுடட்டுங்களா மேடம்? இல்ல, எங்கயாவது ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமா?" என்றார்.

"சாப்பிடலாம். எனக்கு நல்லா பசிக்குது" என்றேன்.